பெரிய டயருக்காகப் பிக்கப்பை உயர்த்துவது: தேர்விலிருந்து பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பு) போட்டால் சேஸிஸ் உயரும், பாடி உயரும், பம்பர் உயரும். பின் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி) மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அது அச்சோடு சேர்ந்தது. அதைத் தரையிலிருந்து மேலே தூக்கப் பெரிய டயரால்தான் முடியும். கொங்கு நாட்டு இட்டேரிகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, கீழே இரண்டு சக்கரத் தடம், தடங்களுக்கு இடையே புல் முளைத்து மேடிட்ட மண். மழைக்குப் பிறகு டிராக்டர் போய்த் தடம் ஆழமாகிவிட்டால், அந்த நடுமேட்டில் முதலில் தட்டுவது டிஃபரன்ஷியல்தான். ஆகவே நமக்குத் தேவை டயர். அந்த டயர் எங்கும் உரசாமல் சுழல இடம் கொடுப்பதுதான் லிஃப்ட் கிட்டின் வேலை. பலர் தலைகீழாகப் போகிறார்கள்: நான்கு அங்குல கிட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற டயரைப் பிறகு தேடுகிறார்கள்.

முன்னால் காயில் ஸ்பிரிங்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள பிக்கப்புகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் இந்த அமைப்புதான். இப்போதைய மஹிந்திரா தாரிலும் மாருதி ஜிம்னியிலும் பின்பக்கமும் காயில் என்பதால் பின்பக்க வேலை மாறும். டயர் கணக்கும் அளவெடுக்கும் முறையும் அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ‘கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே’ என்று வாதாடிப் பயனில்லை. விற்பது வேறு, பொதுச்சாலையில் ஓட்டுவது வேறு. மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் கேள்வி வரும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கக்கூடும். அதனால் செலவு செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சட்டச் சிக்கல் குறைந்த ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் மாடலின் வேறொரு ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் டயர் அளவு என்னவென்று பாருங்கள். அது உங்கள் டயரைவிடப் பெரியதாக இருந்தால், டீலரிடம் கேட்டு அதையே போடலாமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து, பின் பட்டைகளைப் பாருங்கள். பல வருடம் தேங்காயும் பால் கேனும் தீவன மூட்டையும் சுமந்த வண்டியில் பட்டை படிந்துபோயிருக்கும். படிந்த பட்டையை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். லிஃப்ட் வேண்டும் என்று வருகிற பழைய வண்டிகள் பலவற்றுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

டயரைத் தேர்ந்தெடுப்பது

டயரின் பக்கவாட்டில் 245/70 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது 171.5 மில்லிமீட்டர், ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மில்லிமீட்டர். பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் இரண்டு முறை கூட்ட வேண்டும். மொத்த விட்டம் 749 மில்லிமீட்டர்.

இதே கணக்கில் 265/70 ஆர் 16 போட்டால் 777 மில்லிமீட்டர் வரும். விட்டம் 28 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், 14 மில்லிமீட்டர். மறுபாதி மட்கார்டு பக்கம் மேலே போய்விடுகிறது. 265/75 ஆர் 16 என்றால் விட்டம் 804. அச்சு உயர்வது 27 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பார்த்து அரை அடி உயரம் கிடைக்கும் என்று நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சோர்ந்துபோவார்கள். ஆனால் கரடுமுரடான தடத்தில் ஒரு அங்குலம் சிறிய விஷயமல்ல.

விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். பழைய டயரில் மீட்டர் சரியாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், 749-இலிருந்து 804-க்குப் போன பிறகு முள் 80-இல் நிற்கும்போது வண்டி ஏறத்தாழ 86-இல் ஓடும். இன்னொரு விளைவைப் பலர் யோசிப்பதில்லை. டயர் பெரிதானால் எல்லா கியரும் சற்று நீளமாகிவிடுகின்றன. ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது, முன்பு மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் இனி இரண்டாவது தேவைப்படும். பழைய பழக்கத்தில் ஓட்டினால் பிரேக் சூடேறும்.

டயர் ரகத்தில் எச்.டி., ஏ.டி., எம்.டி. என மூன்று உண்டு. எச்.டி. தார்ச்சாலைக்கு. ஏ.டி. தார்ச்சாலை, மண்தடம் இரண்டுக்கும் பொதுவானது. எம்.டி. சேற்றுக்கு, பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் கொண்டது. கரிசல் நிலத்தில் மழைக்குப் பிறகு வண்டி இறங்க வேண்டியவர்களுக்கு எம்.டி. அருமையாக உழைக்கும். கரிசல் மண் டயரின் வரிகளில் அப்பிக்கொண்டால் சாதாரண டயர் வழவழப்பான உருளையாகிவிடும்; எம்.டி. அந்த மண்ணை உதறித் தள்ளும். ஆனால் வாரத்தில் ஆறு நாள் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அதைப் போட்டால் இரைச்சல் காதைப் பிடுங்கும், ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பும் குறையும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் மாறிமாறி ஓடும் வண்டிக்கு ஏ.டி. போதும் என்பது என் முடிவு. காங்கேயம் கொறங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) பக்கம் வேலிமுள்ளும் சீமைக்கருவேலமுள்ளும் டயரின் பக்கவாட்டைத்தான் தேடி வரும். அங்கே ஓட்டுபவர்கள் பக்கச்சுவர் தடிமனான டயரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பார எண்ணைக் கட்டாயம் பாருங்கள். டயரில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030 கிலோ. பழைய டயரின் எண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள், விட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. ரிம்மை மாற்றுவதாக இருந்தால் அதன் ஆஃப்செட் அளவும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்பது) முக்கியம். சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் திருப்பும்போது டயர் அகன்ற வட்டமடித்து மட்கார்டின் ஓரத்தில் இடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். நிறுவனம் கொடுத்த ரிம்மையே வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு உயர்த்துவது, எந்த வகை

இரண்டு அங்குலம். அதற்கு மேல் இந்த ஊர்த் தடங்களுக்குத் தேவையில்லை. முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பில் அதைத் தாண்டி உயர்த்தினால் அச்சுத் தண்டின் சாய்வு கூடி அதன் ரப்பர் உறை கிழியும், மேல் கையின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேலும் கீழுமான இரண்டு கைகளில் மேலுள்ளது) பால் ஜாயின்ட், அதாவது அதன் முனையிலுள்ள உருண்டை மூட்டு, எல்லைக்குப் போய்விடும். அப்போது மேல் கைகளை மாற்ற வேண்டும், முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்க வேண்டும். செலவு ஏறிக்கொண்டே போகும்.

பாடி லிஃப்ட் என்பது சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையே துண்டுகள் வைப்பது. டயருக்கு இடம் கிடைக்கும், சேஸிஸ் உயராது. ஸ்டீயரிங் தண்டு, கியர் லீவர், ரேடியேட்டர் குழாய் என்று ஒவ்வொன்றாக இழுபடத் தொடங்கும். எனக்குப் பிடிக்காத வழி.

முன்பக்கம் ஸ்ட்ரட்டின் (காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஸ்பேஸர், அதாவது இடைத்துண்டு, வைப்பது மலிவான வழி. ஸ்ட்ரட் கீழ்க் கையின் நடுவில் பொருந்தியிருப்பதால், தலையில் ஒரு அங்குலம் வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரும். இதை அறியாமல் இரண்டு அங்குல ஸ்பேஸரைக் கடைந்து வாங்கி வருபவர்கள் உண்டு. கோவையில் தெருவுக்கு ஒரு லேத் இருப்பது வசதிதான். ஆனால் இரண்டு முகமும் இணையாக இல்லாத, எந்த உலோகம் என்று தெரியாத துண்டை ஸ்ட்ரட்டின் மேல் வைக்காதீர்கள். செலவு செய்ய முடிந்தால் உயரமான புது ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்டை வாங்குங்கள். பயணம் மென்மையாக இருப்பது அதில்தான்.

பின்பக்கத்துக்கு மூன்று வழிகள்: புதுப் பட்டைக் கட்டு, இருக்கும் கட்டில் ஒரு பட்டை சேர்ப்பது, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பட்டை சேர்ப்பது கைவந்த கலை. பாரம் ஏற்றும் வண்டிக்கு அது பொருத்தமும்கூட. வெறும் வண்டியில் சற்று உதறும், அவ்வளவுதான். கட்டை வைப்பதானால் எஃகோ உறுதியான அலுமினியமோ இருக்க வேண்டும், நடுவில் சென்டர் போல்ட் தலை உட்காரக் குழி இருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைக்கக்கூடாது. பழைய ஜீப்பைப் போல முன் அச்சிலும் பட்டை இருந்தால், அங்கே கட்டையே கூடாது. பிரேக் பிடிக்கும் விசையில் அது நழுவினால் ஸ்டீயரிங் கையில் இருக்காது.

இன்னொன்று: முன்னையும் பின்னையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். பிக்கப்பின் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருப்பது பாரத்துக்காக. மட்டமாக்கிவிட்டுத் தேங்காய் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவரின் கண்ணில் விளக்கு அடிக்கும்.

அளவெடுத்தல்

வேலை தொடங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தோட்டத்துக் களத்தில் நிறுத்துவதானால் தண்ணீர் வடிய விட்ட சரிவைக் கவனிக்க வேண்டும்.  ஒவ்வொரு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்டின் கீழ் விளிம்பு வரை அளந்து, காகித நாடாவில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். இடமும் வலமும் வேறுபட்டால், ஸ்பிரிங் படிந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் லிஃப்ட் போட்டால் வண்டி உயரத்தில் கோணலாக நிற்கும்.

முன்பக்கம் பொருத்துதல்

மண் தரையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கான்கிரீட் தளம், ஜாக்கி இரண்டு, சேஸிஸைத் தாங்கும் ஸ்டாண்டு நான்கு, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), உங்கள் மாடலின் ஒர்க்ஷாப் மேனுவல் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்குங்கள். ஸ்டாண்டு சேஸிஸின் அடியில் நிற்க வேண்டும், கைகளின் அடியில் அல்ல. சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விடுவியுங்கள். அந்த ஒயர் இழுபட்டு அறுந்தால் பிறகு எரியும் விளக்கை அணைக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். ஸ்டெபிலைசர் கம்பியின் (இடது, வலது சக்கரக் கைகளை இணைக்கும் கம்பி) இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அது மறுபக்கக் கையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

கீழ்க் கையை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு மேல் பால் ஜாயின்ட்டைப் புல்லர் வைத்துப் பிரியுங்கள். சுத்தியலால் அடித்தால் அதன் ரப்பர் உறை போகும். பிரிந்ததும் நக்கிள் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பாகம்) வெளியே சாயும். அதன் எடை பிரேக் குழாயில் தொங்காமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றியுள்ள சிறிய நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். கழன்றால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கையே மாற்றுவதாக இருந்தால் முறையான கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கயிறு கட்டி அமுக்கும் வித்தைகள் வேண்டாம்.

ஸ்பேஸரை வைத்து, ஸ்ட்ரட்டைத் திரும்ப ஏற்றி, எல்லாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பூட்டுங்கள். ஆனால் ரப்பர் புஷ் (மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைக் கையால் இறுக்கியதோடு விடுங்கள். கை தொங்கும் நிலையில் அவற்றை முழுதும் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரங்களில் உட்கார்ந்த பிறகுதான் முழு இறுக்கம். லிஃப்ட் போட்ட பிறகு கீச்கீச்சென்று சத்தம் வரும் வண்டிகளில் இதையே முதலில் பாருங்கள்.

பின்பக்கம்

சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜாக்கியில் தாங்குங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும், பட்டையையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டுகளையும் கழற்றி அச்சை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது பிரேக் குழாய், கைப்பிரேக் கேபிள், அச்சின் மேலுள்ள மூச்சுக்குழாய் மூன்றும் இழுபடுகின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பட்டை சேர்ப்பதானால், பட்டைக் கட்டினை வைஸில் பிடித்துக்கொண்டு, பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றுங்கள். பட்டைகள் விடுபடும்போது சட்டென்று எகிறும். புதுப் பட்டையை நீள வரிசையில் அதன் இடத்தில் செருகி, புதுச் சென்டர் போல்ட்டால் பூட்டுங்கள். அச்சில் வைக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். யு போல்ட் புதிதாகவே இருக்க வேண்டும். பழையது ஒருமுறை நீண்டுவிட்டது, திரும்ப அதே பிடி பிடிக்காது. நான்கு நட்டுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடும் இடம். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பியும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வும் இருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், வெறும் வண்டியானால் குறைக்கும். லிஃப்ட் போட்டதும் பின்பக்கம் உயர்ந்துவிடுவதால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் மாமா ஒருவர், லிஃப்ட் போட்ட சில வாரங்களில், “வண்டி நன்றாகத்தான் நிற்கிறது மாப்பிள்ளை, மூக்குதான் கொஞ்சம் குத்துகிறது” என்றார். அடியில் பார்த்தால் அந்தக் கம்பி கடைசி வரை கீழே இழுபட்டு நின்றது. முன் பிரேக் பேட் இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. கம்பியின் அச்சுப் பக்க முனையை, லிஃப்ட்டின் அளவுக்கு ஒரு பிராக்கெட் வைத்து உயர்த்தியதும் சரியாயிற்று. உங்கள் வண்டியில் இந்தக் கம்பி இருந்தால் கட்டாயம் இதைச் செய்யுங்கள். சில புது வண்டிகளில் இந்த வேலையை ஏ.பி.எஸ். கணினியே பார்த்துக்கொள்கிறது, அவற்றில் கம்பி இருக்காது.

பின் ப்ரொப்பெல்லர் தண்டின் (எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) சாய்வையும் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்ந்தால் அதன் முனைகளிலுள்ள கிராஸ் ஜாயின்ட்டுகளின் கோணம் ஒத்துப்போகவில்லை. பட்டைக்கு அடியில் சாய்வுத் தகடு வைத்து அச்சைச் சற்றுத் திருப்பியோ, தண்டின் நடு பேரிங்கை இறக்கியோ சரிசெய்யலாம்.

தரையில் இறக்கிய பிறகு

புது டயரைப் பூட்டி இறக்கி, முன்னும் பின்னும் சற்று ஓட்டி, ஸ்பிரிங்குகள் உட்கார்ந்ததும் புஷ் போல்ட்டுகளை இறுக்குங்கள். நாடாவில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு உள்மட்கார்டிலும் சேஸிஸின் ஓரத்திலும் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன்னோக்கியும் ரிவர்ஸிலும் ஓட்டுங்கள். ஒரு முன் சக்கரத்தை வரப்பின் மேல் ஏற்றி நிறுத்தியும் திருப்பிப் பாருங்கள். சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் உரசுகிறது. பிளாஸ்டிக் என்றால் சூடேற்றி ஒதுக்கலாம். இரும்பு என்றால் டயர் அளவைக் குறைப்பது நல்லது. சேஸிஸை அறுக்காதீர்கள்.

அதே நாளில் அலைன்மென்ட். உயர்த்தினால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலையும். ‘டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பார்த்துவிட்டேன்’ என்று சொல்லும் கடையில் திருப்தி அடையாமல் காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அளவுகளையும் அச்சிட்டு வாங்குங்கள். காஸ்டர் வரம்புக்குள் வரவில்லை என்றால் லிஃப்ட்டைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மேல் கையை மாற்ற வேண்டும். ஹெட்லைட்டின் ஒளியை இறக்குங்கள். திம்பத்தின் 27 வளைவுகளில் எதிரே ஏறிவரும் லாரி ஓட்டுநரின் கண்ணை உங்கள் விளக்கு கூசவைக்கக்கூடாது.

முதல் சில நாள் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். வண்டியின் எடைமையம் உயர்ந்திருக்கிறது, டயரின் எடையும் கூடியிருக்கிறது. வளைவில் சாயும், நிற்க அதிகத் தூரம் எடுக்கும். காலிச் சாலையில் நிதானமான வேகத்தில் சில முறை பிரேக் அடித்துப் பழகிய பிறகு மலை ஏறலாம். (காட்டுக்குள் சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள்.) நூறு கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும் யு போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், ஐந்நூறில் இன்னொரு முறை. யு போல்ட் முதல் சுற்றில் சற்றுத் தளரும், அது இயல்பு. பிரேக் குழாய்கள் எங்காவது டயரில் உராய்ந்த தடம் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

டயர் வாங்கும்போது ஐந்தாகவே வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டமாக இருந்தால், அதைப் போட்டு ஃபோர் வீலில் ஓட்டும்போது கியர்பெட்டிக்குள் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு அடியில் உள்ள ஸ்டெப்னி இடத்தில் புது டயர் நுழைகிறதா என்பதைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.